பெய்யாத ஒன்பது நாள் மழை

பாளையங்கோட்டை,
டிசம்பர் 4

அன்புள்ள அத்தான்,

கர்த்தருடைய கிருபையால் நானும் பிள்ளையும் அத்தையும் சுகம். புனேயில் குளிர் தொடங்கியிருக்கும். பச்சை ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்ளுங்கள். இதைப் போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு நம் சபைப் போதகர் ஐயர் கிறிஸ்துமஸுக்கு அடுத்த ஞாயிறைக் குறித்துவிட்டார். நீங்களோ ஆராய்ச்சி முடியவில்லை, லீவை ரத்து செய்துவிட்டேன் என்கிறீர்கள். இந்த வருஷம் நிலநடுக்கோட்டுக் கடல் வழக்கத்தைவிடச் சூடு. அந்தச் சூட்டைக் கணினியில் கொடுத்தால், காற்று அங்கே மேலெழும்பி மேகமாகிக் கொட்டிவிட்டு, வறண்டுபோய் நம் பக்கம் வந்து இறங்கி மழையைக் கெடுக்கிறதாம். ஆனால் நீங்கள் மாடியில் வைத்துப்போன மழைமானியைப் பார்த்து நான் தினமும் அனுப்பும் அளவில் நவம்பரில் நல்ல மழை. ஒத்துவரவில்லை என்று மறுபடியும் முதலிலிருந்து உட்கார்ந்திருக்கிறீர்கள், நீங்களும் உங்களோடு ஆராய்ச்சி செய்கிற தேன்மொழியும்.

அவள் பேரை எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது அத்தான். தேன்மொழி கண்டுபிடிச்சா, தேன்மொழி சொன்னா! பிள்ளைக்குப் பல் முளைத்ததைச் சொன்னால் 'அப்படியா' என்பீர்கள். பின்னால் அவள் சிரிக்கிற சத்தம் கேட்கும். மழை இல்லை என்று அனுப்பினால் அன்றைக்கு இரண்டு நிமிடப் பேச்சுதான். ஒரு நாள் நாற்பது மில்லிமீட்டர் பெய்தது. உடனே கூப்பிட்டு அரை மணி நேரம் பேசினீர்கள். மேகம் எந்தத் திசை, இடி உண்டா என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் 'நீ சாப்பிட்டியாட்டி?' என்றும் கேட்டீர்கள்.

அந்த ருசிதான் என்னைக் கெடுத்தது. அதற்குப் பிறகு நான் அனுப்பிய ஒன்பது நாள் மழையும் பெய்யவே இல்லை. முப்பத்திரண்டு, ஐம்பத்தைந்து என்று வாயில் வந்ததை எழுதினேன். அத்தைகூட ஒரு நாள், 'ஏட்டி, மாடி காஞ்சு கெடக்கு, நீ என்னத்தப் பாத்து எழுதுத?' என்று கேட்டார்கள். துணி எடுக்கிற சாக்கில் நழுவிவிட்டேன்.

சுற்றுவட்டார மழைமானிகள் எல்லாம் காலி என்று தேன்மொழி காட்டியும், 'கரோலின் தப்பா எழுத மாட்டா' என்று அவளிடம் அடித்துச் சொல்லியிருக்கிறீர்கள். முந்தாநாள் நீங்களே சொன்னீர்கள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த ஒன்பது தேதிகளையும் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். எல்லாம் பூஜ்யம். உங்கள் கணக்குதான் சரி. திட்டுவதாக இருந்தால் நேரில் வந்து திட்டுங்கள், பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டே திட்டுங்கள். அளவு தப்பு என்று தேன்மொழியிடம் சொல்லித்தான் ஆக வேண்டும், சொல்லுங்கள். ஏன் தப்பு என்பதை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

கர்த்தர் உங்களைப் பத்திரமாக ரயிலேற்றி அனுப்பட்டும்.

உங்கள்
கரோலின்