செல்வி அடித்த ரெட்

தென்காசியில் கேரம் போட்டி நடத்தப் புறப்பட்ட பாண்டித்துரை, மனைவி இசக்கிசெல்விக்கு ஒரு சீட்டு எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினான். தன்னைக் கேட்காமலே அவன் அவள் பெயரைப் புதியவர் பட்டியலில் சேர்த்துவிட்டான் என்று முந்தின நாளிலிருந்து அவள் பேசவில்லை.

"செல்வி, சட்னி அரைத்து வைத்திருக்கிறேன். சாவி மீட்டர் பெட்டி மேல் இருக்கிறது. கேட்காமல் பெயர் கொடுத்தது தப்புதான். பட்டியலில் உன் பெயரை அடித்துவிட்டேன்.

'எல்லாரும் பாத்துச் சிரிப்பாவ'ன்னு சொன்னாய். முதல் தடவை வருகிற எல்லாரும் இதைத்தான் சொல்லுதாவ. ஞாயிற்றுக்கிழமை உன் தம்பியோடு ஆடும்போது ரெட் காயைக் குழியில் போட்டு, அது செல்லுபடியாக அடுத்துப் போட வேண்டிய ஃபாலோவுக்கு ஓரத்தில் ஒட்டிக்கிடந்த காயையும் போட்டாய். பன்னிரண்டு வருஷமாகப் போட்டி நடத்துகிற எனக்கு அந்த அடி வராது. நீயோ பவுடர் கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் குழம்பைக் கிளறப் போய்விட்டாய். எனக்குத்தான் ராத்திரிச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு பெருமை.

சுரண்டையிலிருந்து இரண்டு பெண்கள் புதிதாக வருகிறார்கள். அவர்களுக்கும் பயம்தான்."

சீட்டின் அடியில் நெருக்கி எழுதியிருந்தான்: "பதிவு பத்து மணி வரை. வராவிட்டாலும் கோபமில்லை."

ஒன்பதே முக்காலுக்கு போட்டி மண்டபத்தில் அவனுடைய பதிவு மேசையில் அதே சீட்டு வந்து விழுந்தது. அவன் எழுத்துக்குக் கீழே அவள் எழுத்து: "பேனாவைக் குடுங்க. என் பேர நானே எழுதிக்கிடுதேன்."