புவனம் அக்காவின் மழைப் பயம்

மார்கழி, செவ்வாய் இரவு

“பயப்படாதீர்கள்” என்று, உளவளத்துணைக்காக இன்று சந்தித்த புவனம் அக்காவிடம் நான் சொல்லவில்லை. போன வருட வெள்ளம் அவருடைய மாடுகளைக் கொண்டுபோனது. இப்போது மழை பெய்தால் அவருக்கு நித்திரையில்லை.

“பழைய யுத்தகாலப் பயம்தான், அம்மா. மூச்சை ஆறுதலா இழுத்து விடுங்கோ,” என்றார் எங்கள் மூத்த உளவளத்துணையாளர்.

அக்கா என்னைப் பார்த்தார். “சண்டை முடிஞ்சுது, தங்கச்சி. மழை முடியேல்லையே. குளம் நிரம்பி வான்கதவைத் திறந்து தண்ணி விடேக்க எங்களுக்கு ஆர் சொல்லுறது?”

அங்கிருந்தே நீர்ப்பாசன அலுவலகத்துக்குப் போன் எடுத்து, கதவு திறக்க முன் அழைக்கச் சொல்லி அக்காவின் நம்பரைக் கொடுத்தேன்.

“நீர் மனசைப் பாக்க வந்தனீரோ, குளத்தைப் பாக்க வந்தனீரோ?” என்று கேட்டார் மூத்தவர்.

“ரெண்டையும்தான், சேர்.”

காலநிலை மாறிவிட்டதென்று கூட்டங்களில் பேசுகிறோம். அதற்குப் பயப்படுவதை மட்டும் நோய் என்கிறோம். அக்காவைப் பற்றிய அறிக்கையில் நான் அப்படி எழுதமாட்டேன்.

பின்னேரம் வான்கதவு திறந்தார்கள். அதற்கு முன்பே அக்காவுக்குப் போன் வந்தது. பிள்ளைகளோடு மேட்டிலிருக்கும் பாடசாலைக்குப் போய்விட்டார். இப்போது அவருடைய வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர்.