வெள்ளிக்கிழமை ஜெஸ்ஸி சொல்லப்போவது

போடிநாயக்கனூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் ஜோசுவாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நான், உன் அம்மா, மருமகள் சோனியா, பேத்தி ஜெஸ்ஸி நான்கு பேரும் வியட்நாம் போய், ஒரு சளி இருமல்கூட இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை வீடு வந்து சேர்ந்தோம். கத்தார் வெயிலில் நீயும் அப்படியே சுகமாக இருக்க வேண்டும். தினமும் போனில் பேசுகிற மனுஷன் திடீரென்று பேனாவை எடுத்துவிட்டாரே என்று யோசிப்பாய். போனில் சொன்னால் உன் மகள் காதில் விழும், வாட்சப்பில் போட்டால் என் போன் பாதி நேரம் அவள் கையில்தான் இருக்கிறது. அதனால் லீவு முடிந்து நாளை உன் கம்பெனிக்குத் திரும்புகிற தங்கபாண்டியிடம் அரைக் கிலோ ஏலக்காயோடு இதையும் கொடுத்துவிடுகிறேன். மலையில் கோடை மழை நல்ல மழை, குரங்கணி ரோட்டில் மண் சரிந்து இரண்டு நாள் ஜீப்பு ஓடவில்லை. தேவாரத்தில் யானை இறங்கி உன் சித்தப்பா தோப்பில் இரண்டு தென்னையைச் சாய்த்துவிட்டதாம். இதெல்லாம் கிடக்கட்டும், விஷயத்துக்கு வருகிறேன், சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

நீ டிக்கெட் எல்லாம் போட்டுவிட்டு, லீவு இல்லை என்று கடைசி நேரத்தில் வராமல் போனதில் ஜெஸ்ஸிக்கு எவ்வளவு கோபம் என்று உனக்கே தெரியும். மூன்று வாரமாக உன் போன் வந்தால் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இந்த வைராக்கியம் எங்கிருந்து வந்தது என்று சோனியா கேட்டாள், உன் அம்மா என்னைப் பார்த்தாள். அங்கே போய்ப் படகில் ஏற்றினோம், தண்ணீரில் ஆடுகிற பொம்மலாட்டம் காட்டினோம், ஒன்றுக்கும் பல்லைக் காட்டவில்லை. எனக்கு உள்ளுக்குள் பயமாகவே இருந்தது ஜோசுவா, பிள்ளை மனது ஒருமுறை இறுகிவிட்டால் அப்புறம் இளக்க முடியாது.

நான்காம் நாள் ஹனோய் பக்கத்தில் ஒரு பட்டறைக்குக் கூட்டிப்போனார்கள். ஏதோ மரத்துப் பாலைக் காய்ச்சிப் பலகையில் கறுப்பாகப் பூசி, அதில் சிப்பித் துண்டு பதித்துப் படம் செய்கிறார்கள். பூவா மீனா என்று கிட்டப் போய்ப் பார்த்தால்தான் அது சிப்பி என்றே தெரியும், அப்படி ஒரு வேலை. பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு சின்னப் பலகை கொடுத்து அவர்களையே பதிக்கச் சொல்கிறார்கள். பட்டறைக்கார அம்மாவுக்கு உன் அம்மா வயது இருக்கும். வெள்ளை, ரோஸ், பச்சை என்று நிறம் பிரித்து, அரிசியைவிடச் சின்னத் துண்டாகக் கிண்ணம் கிண்ணமாக வைத்திருந்தார். பார்க்கச் சொல்லி ஒரு கிண்ணத்தை என் கையில் கொட்டினார். அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை, முப்பத்தைந்து வருஷம் ஏலக்காய் வாங்கின கைதான் பொறுப்பு. சாம்பிள் தட்டு வந்தால் நாங்கள் வியாபாரிகள் என்ன செய்வோம் என்று சின்ன வயதில் நீயே கூட வந்து பார்த்திருக்கிறாய். கை நிறைய அள்ளி, வெளிச்சத்தில் பார்த்து, மோந்து, ஒன்றைக் கடித்துவிட்டு, மீதியைத் தரையில் விட்டுவிட்டு அடுத்த தட்டுக்குக் கை நீட்டுவோம். அதையேதான் செய்தேன். பார்த்தேன், மோந்தேன், ஒன்றைக் கடித்தேன், பல்லில் கறுக்கென்றது, மீதி அத்தனையையும் தரையில் விசிறிவிட்டு அடுத்த கிண்ணத்துக்குக் கை நீட்டினேன்.

பட்டறையே நின்றுபோனது. அந்த அம்மா முகம் சுண்டிவிட்டது, இரண்டு நாள் உட்கார்ந்து பிரித்ததாம். உன் அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்து, ஏங்க, உங்களுக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு என்றாள். சாரி, சாரி என்று சொல்லிக்கொண்டே வெட்கத்தில் குறுகிப்போனேன். அப்போதுதான் ஜெஸ்ஸி எழுந்தாள். எங்க தாத்தா திமிர் புடிச்சவர் இல்ல, ஏலக்கா வாங்குறவர், எங்க ஊர்ல அப்பிடித்தான் பாப்பாங்க என்று கைடிடம் இங்கிலீஷில் சொன்னாள். சொன்னதோடு விடவில்லை. வயிற்றைத் தள்ளிக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மோந்து, கடித்து, விசிறி, அப்படியே என்னை நடித்துக் காட்டினாள். அந்த அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். உன் மகளும் சிரித்தாள் அப்பு, மூன்று வாரத்துக்குப் பிறகு சிரித்தாள். பிறகு எல்லாருமாகக் குத்தவைத்துப் பொறுக்கினோம். உன் அம்மா கை ஏலக்காய் பிரித்த கை அல்லவா, அங்கே இருந்தவர்களைவிட வெரசாக நிறம் பிரித்துவிட்டாள். அந்த அம்மா ஒரு முக்காலியைப் போட்டு உட்காரவைத்து, இன்னொரு கிண்ணத்தையும் கொண்டுவந்து நீட்டினார். அன்றிலிருந்து உன் அம்மாவைக் கையில் பிடிக்க முடியவில்லை.

திரும்பும்போது பஸ்சில் ஜெஸ்ஸி என் பக்கம் சாய்ந்து, தாத்தா, இத அப்பாகிட்ட நாந்தான் சொல்லுவேன், நீங்க யாரும் வாயத் தொறக்கக் கூடாது என்றாள். மூன்று வாரமாக அவள் வாயில் வராத வார்த்தை அது, அப்பா. சரி ஆத்தா என்று சத்தியம் செய்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், கண் கலங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை உனக்கு விடுமுறை, நிதானமாகச் சொல்ல வேண்டும் என்று அதுவரை காத்திருக்கிறாள். சத்தியத்தை மீறி ஏன் எழுதுகிறேன் என்றால், நீ ஓவர்டைம் என்று போனை எடுக்காமல் விட்டுவிடுவாயோ என்ற பயம்தான். எந்தச் சோலி இருந்தாலும் அன்றைக்கு எடுத்துவிடு. ஒன்றும் தெரியாதவன் மாதிரிக் கேட்டுக்கொள். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

ஆண்டவர் உன் வேலையையும் உடம்பையும் காத்து நிற்பார், தண்ணீர் நிறையக் குடி. இன்னும் ஒன்று. அவள் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பழகுவதை ஒட்டுக் கேட்டேன். எனக்கு ஒரு பல்லே உடைந்துவிட்டதாகச் சேர்த்திருக்கிறாள், இருக்கட்டும். கடைசியில், அப்பா, நீ வந்திருந்தா நீயும் தாத்தா மாதிரியேதான் கீழ போட்டிருப்ப என்று முடிக்கிறாள். அந்த இடத்தில் அடுத்த வருஷம் கண்டிப்பா வர்றேன் என்று மட்டும் சொல்லிவிடாதே, அந்தப் பேச்சை அவள் இனி நம்ப மாட்டாள். ஆமா ஆத்தா, போட்டிருப்பேன் என்று சொல்.

உன் அப்பா,
ஐசக்