ஊற்றோரத்து வரிசை

பூமியாஜி, பத்து நகர், ஜாவா
8 பிப்ரவரி 2004

அன்பு வினார்சிக்கு,

ஸலாம். நானும் ஆடும் கோழிகளும் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று உன் கடிதம் வந்தால்தானே தெரியும்? ஹாங்காங்கில் பேனா கிடைப்பதில்லையா?

நம் ஊரை இப்போது பார்த்தால் மிரண்டுபோவாய். நகரமாகி மூன்று வருஷம்கூட ஆகவில்லை, முட்டைக்கோசு மூட்டை இறக்கிய இடத்தில் பேருந்துகள் வரிசைகட்டி நிற்கின்றன. செலெக்தா குளத்தில் குளித்து, சதுக்கத்தில் ஒட்டரிசிச் சோறு தின்று, நேரே நம் தோட்டத்துக்கு ஆப்பிள் பறிக்க வந்துவிடுகிறார்கள். வரலாறு வேறு கேட்கிறார்கள். டச்சுக்கார துரை நட்டது, நூறு வயது என்று அடித்துவிடுகிறேன். வாயைப் பிளந்து கேட்கிறார்கள். மரமெல்லாம் காய்த்துத் தொங்குகிறது.

ஜூனில் உன் வீட்டுவேலை ஒப்பந்தம் முடிகிறதல்லவா? வருவதும் இருப்பதும் உன் இஷ்டம். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை.

உன் கணவன்,
பர்ஜோ

~

ஹாங்காங்
29 பிப்ரவரி 2004

மாஸ் பர்ஜோவுக்கு,

ஸலாம். பேனா இருக்கிறது, நேரம்தான் இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடுப்பு. பூங்காவில் நம் ஊர்ப் பெண்களோடு உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் நாலு பேர் முன்னால் புருஷனை 'மாஸ்' என்று கூப்பிட்டுப் பேச எனக்கு வராது.

எனக்குத் தலை சுற்றுகிறது. எங்கள் முதலாளியம்மாவின் தங்கை ஜாவாவுக்குச் சுற்றுலா போனார். முகவரி எழுதிக் கொடுத்திருந்தேன். நம் தோட்டத்தில் தானே பறித்ததென்று ஓர் ஆப்பிளை எனக்காகக் கொண்டுவந்தார். நம் மரத்தில் பச்சைக் காய்தானே காய்க்கும்? இது மெழுகு பூசிய சிவப்பு. காம்பில் வெள்ளை நூல். இரட்டை முடிச்சு, கோழிக்கூட்டுக் கதவுக்கு நீங்கள் போடுகிற அதே முடிச்சு. "உங்க தோட்டத்தை ஒரு டச்சுக்காரர் நட்டாராமே?" என்று வேறு கேட்டார். அது முட்டைக்கோசுக் கொல்லையாக இருந்ததும், கல்யாணமான வருஷம் நாம் இருவரும் குழி தோண்டி நட்டதும் எனக்கு நினைவிருக்கிறது. துரை எங்கே நின்றார் என்றுதான் நினைவில்லை.

இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள். மார்ச் 28ஆம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் இங்கே வந்த பிறகு இலை உருவினீர்களா? பனி விழாத நம் மலையில், இலையைக் கையால் உருவி மரத்தை மொட்டையாக்கினால்தானே ஆப்பிள் பூக்கும்? மலைப்பக்கம் நீங்கள், ஊற்றுப்பக்கம் நான் என்று நின்று உருவுவோமே. நான் வேண்டுமென்றால் சொல்லுங்கள், வந்துவிடுகிறேன்.

வினார்சி

~

பூமியாஜி
12 மார்ச் 2004

அன்பு வினார்சிக்கு,

நீயாக எதையாவது கோத்துக்கொள்ளாதே. நூல், பழுத்ததற்கு அடையாளம். சிவப்பு, புது ரகம். துரை எதற்கென்றால், பெரிதாக ஏதாவது சொன்னால்தான் பேருந்துக்காரன் மறுபடி வருவான். இலையெல்லாம் உருவியாயிற்று. பூத்தும் காய்த்தும் கிடக்கிறது. ஒரே மரத்தில் பூவும் பழமுமா என்று கேட்காதே, எனக்கே குழப்பமாக இருக்கிறது.

அடுத்த தோட்டத்துத் திரோ வேலியில் சாய்ந்துகொண்டு, "என்னடா பர்ஜோ, மரத்துக்குக் கம்மல் மாட்டுறியா?" என்று கேலி செய்கிறான். அவன் பேச்சை விடு.

உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டேன். யோசித்து முடிவு செய்.

பர்ஜோ

~

ஹாங்காங்
28 மார்ச் 2004

மாஸ் பர்ஜோவுக்கு,

உங்கள் கடிதத்தை நாலு முறை படித்தேன். திரோவை நம்பினால் தோட்டம் காலி, உங்களை நம்பினால் தோட்டம் நிறைய. உருவியாயிற்று என்றால் என் பக்கத்தில் வேறு யாரோ நின்றிருக்க வேண்டும். யாரென்று கேட்கப் பயமாக இருக்கிறது. 'வா' என்று ஒரு வார்த்தை இருக்குமா என்று காகிதத்தின் பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன்.

இன்று காலை கையெழுத்துப் போட்டுவிட்டேன். இன்னும் இரண்டு வருஷம். முதலாளியம்மா, "சந்தோஷம்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பொய் சொல்ல எனக்கும் வருகிறது.

வினார்சி

~

பூமியாஜி
30 மார்ச் 2004

என் வினாருக்கு,

கெடு தாண்டிவிட்டது, தெரியும். இன்னும் கையெழுத்துப் போடவில்லையென்றால் போடாதே.

போன கடிதத்தில் எழுதியது அத்தனையும் பொய். நீ போன பிறகு நான் இலை உருவவே இல்லை. முதல் மரத்தில் கை வைத்தேன், எதிர்ப்பக்கம் நீ இல்லை, விட்டுவிட்டேன். மொட்டை மரத்தைப் பார்க்க எவன் வருவான் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். பூ வரவில்லை, காய் வரவில்லை, பேருந்து மட்டும் வந்தது. சந்தைப் பழத்தை வாங்கிவந்து நூலில் கட்டித் தொங்கவிட்டேன்.

நீ கேட்டதற்குப் பொய் எழுதிய பிறகு சோறு இறங்கவில்லை. போன வாரம் மலைப்பக்கத்திலிருந்து உருவிக்கொண்டே வந்தேன். இப்போது தோட்டம் மொட்டை. நேற்று சுரபாயாவிலிருந்து வந்த ஓர் அம்மாள், "என்னண்ணே, மரமெல்லாம் செத்துப்போச்சா?" என்றார்.

"இல்லம்மா, இப்பத்தான் முழிக்கப்போகுது. இதெல்லாம் நானும் என் பொண்டாட்டியும் நட்டது. அவ ஊர்ல இல்ல" என்றேன்.

பேருந்து அப்படியே திரும்பிப் போய்விட்டது. போகட்டும்.

ஊற்றோரத்து வரிசையை மட்டும் தொடவில்லை. அது உன்னுடையது. குறையில்லை என்று எழுதினேனே, இருக்கிறது. நீ இல்லை. வா, வினார்.

பர்ஜோ

~

ஹாங்காங்
18 ஏப்ரல் 2004

என் மாஸுக்கு,

உங்கள் கடிதமும் என் கடிதமும் வழியில் எங்கோ ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. உங்கள் மேல் கோபப்படுவதா, உங்களை நினைத்து அழுவதா என்று தெரியாமல் இதே பூங்காவில் உட்கார்ந்திருக்கிறேன்.

கையெழுத்தைத் திரும்பக் கேட்டுப் பார்த்தேன். "குழந்த உன்னோட ஒட்டிக்கிச்சு, இப்பப் போய் இப்படிச் சொல்றியே" என்றார் முதலாளியம்மா. குழந்தையைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன். இரண்டு வருஷம் என்றால் இரண்டு வருஷம்தான்.

அந்தச் சிவப்பு ஆப்பிளை நான் தின்னவில்லை. அழுகிவிட்டது. நூலை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன். முடிச்சு இன்னும் அவிழவில்லை.

ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். ஊற்றோரத்து வரிசையையும் உருவிவிடுங்கள். என் பக்கத்திலும் நீங்களே நில்லுங்கள். என்னால் வர முடியாததற்கு மரம் ஏன் பூக்காமல் இருக்க வேண்டும்?

பூத்தால் எழுதுங்கள். பூக்காவிட்டால், பூக்கவில்லை என்றே எழுதுங்கள்.

உங்கள்,
வினார்சி