மணலில் கிடைத்த பைன் கோன்

குச்சிக்கும் சணலுக்கும் என்னோடு மல்லுக்கு நின்ற என் அன்பு மைனிக்கு,

2006 டிசம்பர் 15, வெள்ளிக்கிழமை, காலை பத்து நாற்பது. பிள்ளைகள் ஆறு பேர், பெரியவன் நான் ஒருவன். ஏழு பேர் போனோம், ஏழு பேரும் முழுசாகத் திரும்பி வந்தோம். மிச்சத்தைக் கேட்டால் உங்களுக்குப் பதறும் என்பதால் எண்ணிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாளை மாலை ஃபஹாஹீல் வீட்டில் உங்கள் நாற்பத்தொன்றாம் நாள் ஜெபம். பிள்ளைகளை என்னோடு அனுப்பிய ஐந்து வீட்டாரும் வருவார்கள். இதை அவர்கள் முன்னால் வாசிக்கப் போகிறேன். "காற்று அடித்தது, சீக்கிரம் வந்துவிட்டோம்" என்றுதான் அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய்.

நீங்கள் போன பிறகு ஜெனி உங்கள் பேச்சை எடுப்பதே இல்லை. அண்ணன் மடியில் உட்காரவைத்துக் கேட்டாலும் ஆறு வயதுப் பிள்ளை சுவரைப் பார்க்கிறாள். போன வாரம் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள்: "சித்தப்பா, ஃப்ரைடே கிராஃப்ட் உண்டா? மம்மி ஸ்டார் பண்ணுவாங்கல்ல?" அண்ணனுக்கு வெள்ளியும் டூட்டி. அதனால் வேனை நான் எடுத்தேன்.

குளிர் தொடங்கினால் உங்களுக்கு வெள்ளிக்கிழமை ஓய்வு கிடையாது. ஆஸ்பத்திரி வேலைக் களைப்போடு கட்டிடத்துப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு வஃப்ரா ரோட்டுப் பாலைவனத்துக்குப் போவீர்கள். காய்ந்த குச்சி ஐந்து, சணல், நடுவில் ஒட்ட ஒரு சிப்பி: கிறிஸ்மஸ் நட்சத்திரம் தயார். பள்ளியில் கொடுத்த தாளில் பனிமனிதனும், பைன் மரத்துக் காயான பைன் கோனும் இருக்கும். குவைத்தில் அதற்கு எங்கே போக? நீங்கள் அலட்டிக்கொள்ளாமல் பேரீச்ச ஓலையைச் சுருட்டி, "இதான் நம்ம ஊரு கோன்" என்று கையில் கொடுப்பீர்கள்.

உங்கள் நட்சத்திரங்கள் புத்தாண்டுக்கு முன்பே தொங்கிப்போகும். முடிச்சுகள் தளரும். எனக்கு அது பொறுக்காது. இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன் நான், தளர்ந்த முடிச்சைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. "ஒரு கம்பி போட்டுக் கட்டுங்க மைனி" என்றால், "கம்பி முளைக்காது தம்பி. முளைச்சத மட்டுந்தான் எடுக்கணும்" என்பீர்கள். இயற்கை, கலை என்று ஏதோ பிடிவாதம் என்று நினைத்தேன். ஒருமுறை ஏன் என்று விளக்க ஆரம்பித்தீர்கள். "சுருக்கமா சொல்லுங்க, டூட்டிக்கு நேரமாச்சு" என்றேன். நீங்கள் சிரித்துக்கொண்டு சோற்றுப் பாத்திரத்தை நீட்டினீர்கள். அன்றைக்கு என்ன சொல்ல வந்தீர்கள் மைனி?

அந்த வெள்ளிக்கிழமை வேனை நிறுத்தியதும் நான் கொடுத்த முதல் உத்தரவு இதுதான்: "குச்சி மட்டும் இல்ல, கம்பி, போல்ட், வாஷர், எது கண்ல பட்டாலும் எடுத்துட்டு வாங்க. நல்ல ஸ்ட்ராங்கா ஒரு ஸ்டார் பண்ணுவோம்."

ஜெனி நகரவில்லை. "மம்மி ரூல் தெரியாதா சித்தப்பா? வளந்தது மட்டும் ஓகே. செஞ்சது நோ."

"உங்க மம்மி நர்ஸு. கட்டுமானம் பத்தி அவங்களுக்கு என்ன தெரியும்? யல்லா, போய்த் தேடு."

செத்துப்போன தாயைப் பற்றி அவள் பிள்ளையிடம் அப்படிச் சொன்னேன். நாளை எல்லோரும் கேட்கட்டும்.

பத்து நாற்பதுக்கு, நம் கட்டிடத்துக் கலா அக்காவின் மகள் மீரா, நான்கு வயது, மணல் மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தாள். கையில் பிளாஸ்டிக் வாளி. ஓட்டத்தில் அது முழங்காலில் இடித்து இடித்து ஆடியது. "அங்கிள்! பைன் கோன்! ஐ ஃபவுண்ட் இட்!"

வாளிக்குள் கை அளவில், முட்டை வடிவில், துருப்பிடித்த ஒன்று. மேலெல்லாம் கட்டம் கட்டமாக வரி. படத்தில் இருக்கும் கோனுக்கும் அதற்கும் நான்கு வயதுப் பிள்ளைக்கு என்ன வித்தியாசம் தெரியும்? எனக்குத் தெரிந்தது. இராக்கோடு நடந்த யுத்தம் முடிந்து பதினைந்து வருடம் ஆயிற்றே, எல்லாவற்றையும் பொறுக்கியிருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அது கையெறி குண்டு.

"கீழ போடு!" என்று கத்த வாய் திறந்தேன். போட்டிருப்பாள், மைனி. சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை அது, அப்படியே வீசியிருப்பாள். வாயை மூடிக்கொண்டேன். அடுத்து என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. வருடத்துக்கு நாலு சேஃப்டி வகுப்பில் கையெழுத்துப் போடுகிறவன் நான்.

"ஸ்டாச்சு!"

ஜெனியின் குரல். ஆறு பிள்ளைகளும் கல்லாக நின்றார்கள். மீராவின் ஒரு கால் பாதி தூக்கியபடி நின்றது. வாளியின் ஆட்டம் அடங்கியது. நானும் சிலையாகத்தான் நின்றேன்.

"இப்ப ட்ரெய்ன், சித்தப்பா" என்றாள் ஜெனி. "வந்த காலடியிலயே திரும்பணும். புது மண்ண மிதிச்சா அவுட்." என்னைக் கேட்காமலே மற்ற நான்கு பேரையும் வரிசையாக வேனுக்கு நடத்திப் போனாள். ஒருத்தர்கூட விலகவில்லை. செய்த பொருளைக் கண்டால் ஸ்டாச்சு, பிறகு ட்ரெய்ன் என்று எத்தனை வெள்ளிக்கிழமை விளையாட வைத்திருக்கிறீர்கள்?

நான் மீராவின் சின்னத் தடங்களைத் தேடித் தேடி மிதித்து அவளிடம் போனேன். மண்டியிட்டேன்.

"இது எனக்குத்தான். அங்கிளுக்குத் தர மாட்டேன்."

"உனக்குத்தான்டா தங்கம். ஆனா அதுக்குத் தூக்கம் வருதாம். ரெண்டு பேருமாச் சேந்து படுக்க வைப்போமா?"

அவள் கைகளின் மேல் என் கைகளை வைத்தேன். வாளி மணலைத் தொட எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. எதற்கும் நேரம் குறித்துப் பழகியவன், அதை மட்டும் குறிக்க முடியவில்லை. பிறகு அவளைத் தூக்கிக்கொண்டு அதே தடத்தில் திரும்பினேன். அவள் என் காதுக்குள் கோன், கோன் என்று அலறிக்கொண்டே வந்தாள்.

போன் போட்டதும் போலீஸ் வந்தது, பின்னாலேயே ராணுவ வண்டி. அதிகாரி வேனுக்குள் ஆறு தலைகளையும் எண்ணிவிட்டு என்னைப் பார்த்து, "மாஃபி முக்!" என்றார். மூளை கிடையாதா என்று அர்த்தம். கிடையாது என்றுதான் தலையாட்டினேன். அது வெடிக்கக்கூடியதா என்று கேட்டேன். போ என்று கையால் வழியைக் காட்டினார்.

நேற்று மாலை கலா அக்கா கதவைத் தட்டினார். "தம்பி, ஏதோ கோனாம், நீங்க வாங்கி வச்சிட்டீங்களாம். வந்ததுலேர்ந்து அழுவுறா. இருந்தா குடுத்துடுங்களேன்." இல்லை அக்கா என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

உண்மையைச் சொன்னால் ஒரு வீட்டாரும் இனிப் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள். ஜெனிக்கு உங்களைப் பற்றிப் பேச இருக்கும் ஒரே நாளும் போய்விடும். சொல்லாவிட்டால் அடுத்த வாரமே வேறொருவர் அதே மேட்டில் பிள்ளைகளை இறக்கிவிடலாம். பயப்படாமல் விளையாடட்டும் என்றுதான் அந்த ரூலுக்கு நீங்கள் காரணம் சொல்லவில்லையா? பிள்ளைகளுக்கு அது சரி. பெரியவர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். உங்களுக்கு நான் வாக்குக் கொடுப்பது இவ்வளவுதான்:

1. நாளை ஜெபம் முடிந்ததும், டீ கொடுப்பதற்கு முன், நின்றுகொண்டு இதை வாசிப்பேன். நடுவில் எதையும் விடமாட்டேன்.

2. கலா அக்கா என்ன சொன்னாலும், கை ஓங்கினாலும், வாங்கிக்கொள்வேன். விளக்கம் சொல்ல மாட்டேன்.

3. பாலைவனம் கலாஸ், இனிக் கிடையாது. கட்டிடத்துக்கு எதிரே பேரீச்ச மரங்களைக் கழித்துப் போட்ட ஓலையும், வாசல் இலந்தையின் உதிர்ந்த இலையும் போதும். எடுப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் நான் பார்ப்பேன்.

4. ஜெனியிடம் மன்னிப்புக் கேட்பேன். மற்றப் பிள்ளைகள் இருக்கும்போதே.

5. வெள்ளி காலை பத்து மணிக்கு ஹாலில் செய்தித்தாளை விரித்து, ஓலையும் சணலும் எடுத்து வைப்பேன். யாரும் பிள்ளையை அனுப்பாவிட்டால் ஜெனியும் நானும் மட்டும் உட்காருவோம். முடிச்சு எப்படிப் போட வேண்டும் என்று அவள் சொல்லித்தரட்டும். வாசல் கதவைத் திறந்தே வைப்பேன்.

உங்கள் கொழுந்தன்,
ஜெபசிங்