ஸ்டீரியோ பெட்டிக்குள் கை

ஜனவரி 19

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. நேராகவே சொல்லிவிடுகிறேன். உன் அண்ணனுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது.

அவர் என்னிடம் சொல்லவில்லை. போன மாதம் அவர் வெளியே போயிருந்தபோது கண் டாக்டர் நம் வீட்டுக்குப் போன் செய்தார். நரம்பு பட்டுப்போய்விட்டதாம். கண்ணாடி மாற்றியும் பயனில்லை, ஆபரேஷனும் இல்லை. இவரைக் கேட்டால் தூசி விழுந்துவிட்டது என்கிறார். தன் ரேடியோ ரிப்பேர் கடையை மூடியதற்கும் போரடித்துப்போச்சு என்றுதான் சாக்குச் சொன்னார். எனக்குத் தெரிந்துவிட்டது என்று தெரிந்தால் மனுஷன் உடைந்துவிடுவார். அதனால் நானும் ஒன்றும் அறியாதவள் மாதிரி நடமாடுகிறேன்.

இத்தோடு போயிருந்தால் உன்னைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன். ஹாலில் கட்டில் நீளத்துக்கு ஒரு ஸ்டீரியோ பெட்டி இருக்கிறதே, மூடியைத் தூக்கினால் ஒரு பக்கம் ரெக்கார்டு தட்டும் மறுபக்கம் ரேடியோவும் இருக்குமே, அது திடீரென்று உறுமத் தொடங்கியது. பிறகு கருகல் வாடையோடு நின்றுபோனது. வேறு மெக்கானிக்கைக் கூப்பிடலாமா என்று கேட்டேன். "ஏன், இந்த வீட்டு மெக்கானிக் செத்துட்டானா?" என்றார். அன்றிலிருந்து பின்பலகையைக் கழற்றிப் போட்டுவிட்டு, உள்ளே தடவித் தடவி வேலை பார்க்கிறார். நேற்று கையை வெடுக்கென்று இழுத்தார். என்ன என்று கேட்டதற்கு "எறும்பு" என்றார். அது என்ன எறும்பு என்று எனக்குத் தெரியாதா?

நீ துறைமுகத்திலிருந்து போன் செய்யும்போது சொல்லலாம் என்றால், "வாலா?" என்று உன் செல்லப் பேரைச் சொல்லிக்கொண்டே பக்கத்தில் வந்துவிடுகிறார், அவர் காது இப்போது பாம்புக் காதாக இருக்கிறது. அதனால்தான் கடிதம். அவர் எதிரில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். மளிகைச் சாமான் குறிப்பதாகச் சொல்லியிருக்கிறேன். இப்படி அவர் முகத்துக்கு நேரே ஏமாற்றுகிறேன். அவர் உயிரோடு இருந்தால் போதும் எனக்கு. என்ன செய்யட்டும், சொல்.

உன் அண்ணி

பிப்ரவரி 11, கப்பலில்

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் இந்தத் துறைமுகத்துக்கு வந்த பிறகுதான் கைக்குக் கிடைத்தது. கப்பல் முழுக்கக் கரண்ட் வேலை பார்க்கிறவன் நான். என் வீட்டில் ஒரு பெட்டியை என்னால் அணைக்க முடியவில்லை.

அது பழைய வால்வு செட், அண்ணி; உள்ளே கண்ணாடி பல்பு மாதிரி சூடேறுகிறதே, அதுதான் வால்வு. உள்ளே முந்நூறு வோல்ட் வரை ஓடும். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்க வேண்டும். பிடுங்கிய பிறகும் டப்பா டப்பாவாக நிற்கிற கண்டென்சர்கள் கரண்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். அதை முறையாக இறக்கி, மீட்டர் முள் கீழே வந்துவிட்டதைப் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும். முதல் தடவை கரண்ட் கொடுக்கும்போது நடுவில் ஒரு பல்பைப் போட்டு, அது பளிச்சென்று எரிகிறதா மங்குகிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாமே கண்ணால் செய்கிற காவல். அதை அண்ணன் விரலால் தேடுகிறார்.

ஒரு வழி தோன்றுகிறது. அவர் குளிக்கும்போது பிளக்கைப் பிடுங்கி அதன் திருகைக் கழற்றுங்கள். உள்ளே இருக்கும் ஒயர்களை அவிழ்த்து, முனைகளில் தனித்தனியாக டேப் சுற்றி, எதிலும் படாமல் மடக்கி மூடி, திரும்பச் சுவரில் செருகிவிடுங்கள். தடவிப் பார்த்தால் பிளக் சுவரில்தான் இருக்கும், கரண்ட் வராது. கண்டென்சரில் மிச்சம் நிற்கிற கரண்ட் தானாக இறங்கும்வரை, இரண்டு நாள் அவரைப் பெட்டிப் பக்கம் விடாதீர்கள். நீங்களும் உள்ளே கை வைக்கக் கூடாது.

லீவு கேட்டேன். மாற்று ஆள் இல்லை என்றுவிட்டார்கள்.

வால்

மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

நீ சொன்னபடியே செய்தேன். ஹாலில் பூச்சி மருந்து அடித்திருக்கிறேன் என்று இரண்டு நாள் கதவைச் சாத்தி வைத்தேன். அப்புறம் அவர் பாட்டுக்கு வேலை பார்த்தார், நான் நிம்மதியாகச் சமைத்தேன். சோல்டரிங் அயர்னில் விரலைச் சுட்டுக்கொண்டார். அதற்கும் எறும்பின் மேல்தான் பழி.

ஞாயிற்றுக்கிழமை "முடிஞ்சிடுச்சு, வா வா" என்று கூப்பிட்டார். முகமெல்லாம் பல். தட்டில் ரெக்கார்டு வைத்து சுவிட்சைப் போட்டார். "லைட் எரியுதா?" என்று கேட்டார். ரேடியோ பக்கம் இருட்டாகத்தான் இருந்தது. "எரியுதே" என்றேன்.

வால்வுகளுக்கு மேலே உள்ளங்கையை விரித்து வைத்துக் காத்திருந்தார். சூடு ஏறவில்லை. பிறகு மண்டியிட்டு ஒயரைப் பிடித்துக்கொண்டே சுவர் வரை போய், பிளக்கைப் பிடுங்கித் திறந்துவிட்டார்.

"ஒயரு கழண்டிருக்கு."

"எலியா இருக்கும்."

"எலி இப்ப டேப்பெல்லாம் சுத்துதா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, தம்பி. அவரும் சிரித்தார். பிறகு "எப்பத்துலேருந்து தெரியும்?" என்றார். டிசம்பரிலிருந்து என்றேன். "லைட் எரியுதுன்னு சொன்னியே" என்றார்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு கேட்டதற்கு மட்டும் பதில். மணி என்ன என்று கேட்கிறார், சொல்கிறேன். சொன்ன பிறகும் பக்கத்து வீட்டு ரேடியோவில் செய்தி வரும் வரை காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். காப்பாற்றப் போய் நான் அவரைத் தொலைத்துவிட்டேனோ என்று இருக்கிறது.

உன் அண்ணி

ஏப்ரல் 2, கப்பலில்

அன்புள்ள அண்ணிக்கு,

இதை அண்ணனுக்குப் படித்துக் காட்டுங்கள். அண்ணா, பிளக் என் யோசனை. அண்ணி மேல் காட்டுகிற கோபத்தை என் மேல் காட்டு.

ஜூனில் என் ஒப்பந்தம் முடிகிறது. இறங்கி வந்துவிடலாம், இல்லையென்றால் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும். உனக்கு ஒத்தாசைக்கு என்று நான் வந்து நிற்பது உனக்குப் பிடிக்காது, எனக்குத் தெரியும். நீ வா என்றால் வருகிறேன். வேண்டாம் என்றால் வந்து உன்னைச் சங்கடப்படுத்த மாட்டேன். ஒரு வரி போதும்.

வால்

ஏப்ரல் 27

டேய் வாலு,

எழுதுவது உன் அண்ணி, சொல்வது நான். உன் கடிதத்தை வாசித்துக் காட்டினாள்.

பிளக்கைக் கழற்றச் சொன்னது சரிதான். உன் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். டேப்பைத்தான் கொழுக்கட்டை மாதிரி சுற்றி வைத்திருந்தாள்.

கோபம் அதில் இல்லை. எரியாத லைட்டை எரிகிறது என்றாள். இனி எனக்கு எல்லாமே ஒருத்தர் சொல்லித்தான். சட்டையில் கறை இருக்கிறதா, வாசலில் நிற்பது யார், நீ என்ன எழுதியிருக்கிறாய், எல்லாம். பிரியத்தில் ஆளாளுக்கு எனக்கு நல்லதை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் நான் எந்த உலகத்தில் இருப்பேன்? எனக்கு அதுதான்டா பயம். கண் போனதுகூட அவ்வளவு இல்லை.

இதைச் சொல்லும்போது பேனா நின்றுவிட்டது. எழுது என்று அதட்டினேன். இனிமேல் உள்ளதை உள்ளபடி சொல்வதாகச் சத்தியம் செய்திருக்கிறாள். நம்பத்தான் வேண்டும், வேறு வழி?

பெட்டிக்குப் பின்பலகையைத் திருகி மூடிவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்

தம்பி, கையெழுத்து அவரே போட்டது. அதற்கு முன்னால் இன்னொரு வரியும் சொன்னார். "நீ வர வேண்டாம், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடு" என்று. நான் அதை எழுதவில்லை. எழுதிவிட்டதாகச் சொன்னேன். நேற்று குளியலறையில் குழாய் எங்கே என்று தெரியாமல் ரொம்ப நேரம் சுவரைத் தடவிக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிடவில்லை. நான் கதவுக்கு வெளியே நின்றுகொண்டே இருந்தேன். என்னால் தனியாக முடியவில்லை.

"இன்னும் என்ன எழுதுறே?" என்று கேட்கிறார். விலாசம் என்று சொல்லியிருக்கிறேன். வந்துவிடு.