மஞ்சள் கயிறு எடுத்துக் கொடுத்த கை

அக்கா,

உன் பங்கு வீட்டுச் சமையலறையை நேற்றுத் திறந்தேன். அலமாரியில் ரவை டப்பாவுக்குப் பின்னால் கைவிட்டபோது பாலாடை தட்டுப்பட்டது. உன் மகனுக்குக் கைக்குழந்தையில் பால் புகட்டினாயே, அதே எவர்சில்வர் பாலாடை. மோந்து பார்த்தேன். காய்ந்த பால் வாடையும் நாய் வாடையும் சேர்ந்து அடித்தது. பங்குனியில் நீ போனாய், இப்போது ஐப்பசி. வாடை மட்டும் அப்படியே இருக்கிறது. லட்டு என் பின்னாலேயே வந்து நின்று அந்தப் பாலாடையைப் பார்த்து வாலாட்டியது. சப்பை மூக்கிலிருந்து எப்போதும்போலக் குறட்டைச் சத்தம்.

திறந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். லட்டு பருவத்துக்கு வந்திருப்பதைப் பேச்சுவாக்கில் உன் மகனிடம் போனில் உளறிவிட்டேன். என் வாய்க்குத்தான் தாழ்ப்பாள் கிடையாதே. மறுநாளே கூப்பிட்டான்.

"சித்தி, ஐயங்கார்கொளத்துல எங்கூட கம்பெனில வேல செய்றவரு வூட்ல ஒரு பக் கீது, ஆண் நாயி. ஞாயித்துக்கெழம இட்டாறேன். கிராஸ் போட்டுடலாம். அம்மா வளத்த நாயி சித்தி. அதோட குட்டி ஒண்ணு எங்கிட்ட இருந்தா அம்மாவே கூட இருக்கற மாரி இருக்கும்."

சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "வாப்பா, வந்து பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டேன். அவன் வருவதற்குள் கூட்டிப் பெருக்கி வைக்கத்தான் உன் பங்கைத் திறந்தேன். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பான். அந்த ஏனுக்குப் பதில் சொல்ல வேண்டுமானால், உன்னிடம் நான் சொன்ன அந்தச் சொல்லை மறுபடி வாயில் எடுக்க வேண்டும். அதற்குத்தான் பயந்துகொண்டிருக்கிறேன். அவனிடம் சொல்வதற்கு முன் உன்னிடம் சொல்லிப் பார்க்கிறேன். உயிரோடு இருந்தபோது உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியது.

அண்ணன் தம்பியைக் கட்டி வந்த நமக்கு நடுவே ஒரு சுவர்தான். பின்னால் தோட்டம் ஒன்று, கிணறு ஒன்று, துவைக்கும் கல் ஒன்று. ஓரகத்திகள் என்றால் அடித்துக்கொள்ள வேண்டும் என்று மானாம்பதி ஊரே எதிர்பார்த்தது. நாம் அடித்துக்கொண்டதும் உண்டுதான், ஆனால் சாயங்காலத்துக்குள் யாராவது ஒருத்தி சுவருக்கு மேலே குழம்புக் கிண்ணத்தை நீட்டிவிடுவோம். முக்கால்வாசி நீட்டியது நீ.

நாய் வியாபாரத்தை ஆரம்பித்தது நான். வேர்க்கடலையில் இரண்டு போகம் அடிபட்டிருந்த நேரம். செல்போன் விளம்பரத்தில் வந்த சப்பை மூக்கு நாய்க்கு அப்போது ஊரெல்லாம் கிராக்கி. கூடப்பிறந்த ஜோடியாக வாங்கி வந்தேன், பெட்டை ரோஸி, கடுவன் டைகர். ரோஸியை உத்திரமேரூரில் ஒரு வீட்டுப் பொமரேனியனோடு சேர்த்ததில் வெள்ளையும் பழுப்புமாகக் குட்டிகள் வந்தன. 'புது ஜாதி' என்று நானே ஒரு பெயர் வைத்து விற்றேன். வாங்கினவர்கள் நம்பினார்கள். கொஞ்ச நாளில் நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன். அதில் ஜூலியை மட்டும் விற்காமல் வைத்துக்கொண்டேன்.

உனக்கு அது பிடிக்கவே இல்லை. சித்திரை வெயிலில் ரோஸி நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சுக்குத் தவிக்கும். சாக்கை நனைத்துப் போட்டு, அதன் மேல் அவளைப் படுக்க வைத்து, முறத்தால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய்.

"ஏன்டி, எனுக்கு மூக்க சப்பையா குடுன்னு இது கேட்டுச்சா? பாக்க அழகா கீதுன்னு நாம பண்ணி வெச்சது. மூச்சு வுட முடியாம தவிக்கிறது இது."

"நானா பண்ணேன்? எவனோ வெள்ளக்காரன் பண்ணது. நான் விக்கிறேன், அவ்ளோதான்."

"நல்லா பேசற போ" என்று சாக்கை மறுபடி நனைக்கப் போனாய். நான் சிரித்தேன். ஜெயித்துவிட்டதாக நினைப்பு.

பிறகு ஜூலி பருவத்துக்கு வந்தாள். வெளியே ஆண் நாய் தேடினால் அலைச்சல். வீட்டிலேயே டைகர் இருக்கிறான். ரோஸியின் கூடப்பிறந்தவன், ஜூலிக்குத் தாய்மாமன். நம் பக்கத்தில் அக்கா மகளைத் தம்பிக்குக் கட்டுவது புதிதா? என் அம்மாவே தாய்மாமனைக் கட்டினவள்தான். சொத்து வெளியே போகாது, ரத்தம் மாறாது என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள். எனக்கு அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. ஒரே ஜாடையில் குட்டிகள் வரும் என்று கணக்குப் போட்டேன்.

உன் வீட்டுக்காரர் போய் அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. நீ சிரித்து வெகு நாளாகியிருந்தது. உன்னைச் சிரிக்க வைக்கத்தான் அந்தக் கூத்து. "அக்கா, மாமனுக்கு மருமவள கட்டி வெக்கப் போறேன், வா" என்று சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினேன். இரண்டுக்கும் குங்குமம் வைத்தேன். நீ உள்ளே போய்ச் சாமி அலமாரியிலிருந்து மஞ்சள் கயிறு ஒன்றை எடுத்து வந்து கொடுத்தாய். நான் ஜூலி கழுத்தில் கட்டினேன்.

"மாப்ள சப்ப மூக்கு, பொண்ணும் சப்ப மூக்கு. பொறக்கற புள்ளைக்கு மூக்கே இருக்காதுடி" என்று சொல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தாய். நானும்தான்.

குட்டி போட்ட அன்று காலை முழுக்க நீதான் ஜூலி பக்கத்தில் இருந்தாய். குட்டிகள் பார்க்க நன்றாகத்தான் இருந்தன. ஆனால் எதுவும் பால் குடிக்கவில்லை. காம்பைக் கவ்வும், நழுவிவிடும். இறங்குகிற பாலும் மூக்கு வழியாக நுரைத்துக்கொண்டு வெளியே வந்தது. ஒன்றின் வாயைத் திறந்து காட்டினாய். மேலண்ணத்தில் நடுவே பிளவு. எல்லாவற்றுக்கும் அப்படித்தான். ஒன்று ஒன்றாகக் குளிர்ந்து போக, தென்னை மரத்தடியில் புதைத்துக்கொண்டே வந்தேன். குட்டிக்குச் சொல்லி வைத்தவர்கள் போன் மேல் போன். உள்ளே என் வீட்டுக்காரர், "நாயி யாவாரம் பண்ற மூஞ்சப் பாரு" என்று ஆரம்பித்துவிட்டார். அவரைத் திருப்பிக் கேட்க முடியாத கோபம் எனக்கு. தோட்டத்துக்கு வந்தேன். துவைக்கிற கல்லின் மேல் நீ உட்கார்ந்திருந்தாய், மிச்சமிருந்த ஒரே குட்டியை முந்தானையில் சுற்றிக்கொண்டு.

"ஒண்ணாவது பொழைக்கும்டி, அழாத" என்றாய்.

அதற்கு நான் சொன்னது இது. எழுதிவிடுகிறேன், இனி மறைத்து என்ன.

"தாலி அறுத்த கையால மஞ்சக் கயிறு எடுத்துக் குடுத்தா வேற இன்னா வெளங்கும்?"

நாக்கில் சனி என்பார்கள். சனியைக் குறை சொல்லி என்ன பயன், நாக்கு என்னுடையது. நீ திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். குட்டியின் மூக்கில் வழிந்த பாலை முந்தானை நுனியால் துடைத்தாய். எழுந்து உன் பங்குக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய்.

சாயங்காலம் குழம்புக் கிண்ணத்தை நீட்டியது அன்றைக்கும் நீதான். வெட்கமே இல்லாமல் வாங்கிக்கொண்டேன்.

அந்தக் குட்டிதான் லட்டு. பாலாடையில் சொட்டுச் சொட்டாக விட்டு, மூக்கில் ஏறினால் தலைகீழாகப் பிடித்துத் தட்டி, கொஞ்சம் பெரிதானதும் கேழ்வரகுக் கூழைக் கெட்டியாகக் கிளறி உருண்டை பிடித்து ஊட்டி, எப்படியோ ஆளாக்கிவிட்டாய். ஆசையாக வளர்க்கிறாய் என்று ஊரே சொன்னது. எனக்கு மட்டும் தெரியும், நீ பரிகாரம் செய்துகொண்டிருந்தாய். செய்யாத பாவத்துக்கு.

லட்டுவுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட நான் கூட்டிக்கொண்டு போனேனே, நினைவிருக்கிறதா? உனக்கு முட்டி வலி, நடக்க முடியவில்லை. மாட்டாஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா வாயைத் திறந்து பார்த்தார். எதோடு எதைச் சேர்த்தீர்கள் என்று கேட்டார். மாமனும் மருமகளும் என்று சொன்னேன், ஏதோ கல்யாண வீட்டுப் பெருமைபோல.

"சப்ப மூக்கு ஜாதிக்கே அண்ணத்துல இந்தக் குறை வரும்மா. அதுலயும் ஒரே ரத்தத்துல சேத்தா, ரெண்டு பக்கமும் ஒளிஞ்சிருக்கற குறை ஒண்ணா சேந்து வெளிய வந்துடும். இவளையும் குட்டி போட வெச்சிடாதீங்க."

திரும்பி வரும் வழியெல்லாம் ஆட்டோவில் லட்டு என் மடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. உன் கையில் தப்பு ஒன்றுமில்லை என்று டாக்டரே சொல்லியாயிற்று. வீட்டு வாசலில் நீ காத்துக்கொண்டிருந்தாய். "டாக்டரு இன்னா சொன்னாங்க?" என்றாய். "நல்லா கீதாம்" என்றேன். அவ்வளவுதான். சொல்லியிருந்தால் உன் மனதிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியிருக்கும். ஆனால் என் சொல் என்னிடமே திரும்பி வருமே! கல் உன் மேலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அதோடு விட்டேனா? உன் எதிரில் ஜூலி நடமாடினால் எனக்குக் குத்தியது. ரோஸியும் டைகரும் போன அதே புரோக்கரிடம் அவளையும் தள்ளிவிட்டேன். இப்போது எந்தக் கூண்டில் வருடத்துக்கு இரண்டு ஈத்து போட்டுக்கொண்டிருக்கிறாளோ. கழுத்தில் அந்தக் கயிற்றைக்கூட நான் அவிழ்க்கவில்லை.

என் மகள் வளைகாப்பு. அவளைத் தூக்கி வளர்த்ததே நீதான். "வாக்கா, வளையல் போடு" என்று கூப்பிட்டேன். கூடத்தில் அத்தனை பேர் முன்னால், "நீங்க போடுங்கடி. நான் லட்டுவ புடிச்சிக்கினு கீறேன், யாரு மேலயாவது தாவிடும்" என்று தோட்டத்துக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாய். லட்டு எங்கே தாவியது, அதற்கு மூச்சு விடவே நேரம் போதவில்லை. ஏன் நிற்கிறாய் என்று தெரிந்தும், நான் இன்னொரு முறை கூப்பிடவில்லை.

உன் மகனுக்குக் குழந்தை பிறந்து, முதன்முதலில் இங்கே எடுத்து வந்தபோதும் அதேதான். எட்ட நின்றே கொஞ்சினாய். நாய் வாடை வேண்டாம் என்றாய். அவன் நம்பினான். கொஞ்சம் வருத்தப்பட்டான்கூட, அம்மாவுக்குப் பேரனைவிட நாய் உசத்தியாகிவிட்டது என்று. 'நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா' என்று நீ எப்போதும் சொல்வாய். அள்ள முடியாதுதான். குனிந்துகூடப் பார்க்காதவள் நான்.

இதுவரை எழுதி மடித்து வைத்திருந்தேன். ஞாயிறு வந்து போய்விட்டது. மிச்சத்தையும் சொல்கிறேன்.

உன் மகன் வந்தான், கையில் அந்த ஆண் நாய். காரில் வந்த களைப்பிலேயே அது லட்டு மாதிரி இழுத்து இழுத்து மூச்சு விட்டது. லட்டு உள்ளேயிருந்து கதவைப் பிறாண்டிற்று. "இத்த மரத்துல கட்டிட்டு உள்ள வாப்பா" என்றேன். லட்டுவின் வாயைத் திறந்து காட்டினேன். டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். தென்னை மரத்தடியைக் காட்டினேன்.

"இந்த குட்டிங்களுக்கும் இப்டியே வரும்னு இன்னா நிச்சயம் சித்தி? ஒண்ணு நல்லா பொறந்தா போதும் எனுக்கு."

"ஒண்ணுக்காவ மத்தத எல்லாம் பொதைக்கணுமே. ஒங்கம்மா இருந்தா வுட்ருக்காதுப்பா."

"அம்மா ஏன் எங்கிட்ட இதெல்லாம் சொல்லல?"

அங்கேயே நிறுத்தியிருக்கலாம், அக்கா. டாக்டர் பேரைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். நிறுத்தவில்லை. கயிற்றைச் சொன்னேன். துவைக்கிற கல்லில் நீ உட்கார்ந்திருந்ததைச் சொன்னேன். அந்தச் சொல்லை, ஓர் எழுத்து மாற்றாமல், உன் மகன் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

அவன் லட்டுவைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அதான் எம் புள்ளைய அம்மா தூக்கலயா?"

"ஆமாம்பா."

"டாக்டரு சொன்னத அம்மாவாண்ட சொன்னியா?"

"இல்ல."

கத்துவான் என்று நினைத்தேன். எழுந்து தோட்டத்துக்குப் போய், துவைக்கிற கல்லில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். வைத்த காபியைத் தொடவில்லை. கிளம்பும்போது லட்டுவின் தலையைத் தடவினான். என்னைப் பார்க்காமல் சொன்னான்: "கருத்தடை ஆபரேஷனுக்கு எப்ப போவணும்னு கேட்டு சொல்லு, நான் வர்றேன். ஒன்னாண்ட பேச இப்ப என்னால முடியல சித்தி." நியாயம்தானே. மறுநாள் ஆஸ்பத்திரியில் கேட்டேன். பருவம் முழுதாக அடங்கட்டும், அப்புறம் கூட்டி வாருங்கள் என்றார்கள். அதுவரை தோட்டத்துக் கதவைச் சாத்தியே வைத்திருக்கிறேன், தெரு நாய்கள் வராமல்.

லட்டுவுக்கு இப்போது நான்தான் ஊட்டுகிறேன். கூழைக் கெட்டியாகக் கிளறி, உருண்டை பிடித்து, தாடையை உள்ளங்கையில் ஏந்தி, நீ செய்ததுபோலவே. முதலில் என் கையில் வாங்கவே மாட்டேன் என்றது. இப்போது வாங்கிக்கொள்கிறது, வேறு வழியில்லாமல். ஊட்டும்போது உன் பேரனைப் பற்றி நினைப்பு வந்துவிடுகிறது. அவனுக்கு நடை வந்துவிட்டது. நீ தூக்காமலேயே வளர்ந்துவிட்டான்.

உன் கைக்கு ஒரு குறையும் கிடையாது, அக்கா. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு டாக்டரே வேண்டியிருக்கவில்லை. அந்த ஈத்தில் நான் தொட்டதெல்லாம் தென்னை மரத்தடிக்குப் போயிற்று. பிழைத்தது, நீ கையில் எடுத்த குட்டி ஒன்றுதான்.